சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



திருமணத்திற்கோ மணிவிழாவிற்கோ கல் வாங்க வேண்டுமெனில், நம் முன்னோர் பழகிய வணிகரை நாடிச் சென்று, கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தனர். இன்றோ பலர் கைப்பேசியில் படத்தைக் கண்டு, 'சான்றிதழ் உண்டு' என்னும் ஒரு சொல்லை நம்பி, பல ஆண்டுச் சேமிப்பை அனுப்பிவிடுகின்றனர். அச்சான்றிதழ் எதற்குச் சான்று, எதற்குச் சான்றன்று என்பதை அரிய கல் ஒன்றைக் கொண்டு விளக்க விழைகின்றேன்.

அக்கல்லின் பெயர் பத்பராட்சா. தாமரையின் நிறம் என்னும் பொருளுடைய சிங்களச் சொல்லான 'பத்மராக' என்பதன் திரிபு இது. நம் பழைய நூல்கள் கூறும் பதுமராகம் மாணிக்கத்தின் வகை, இது வேறு. மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிமமே. அவற்றுள் சிவப்பு மாணிக்கம் எனவும், மற்ற நிறங்கள் அனைத்தும் நீலக்கல் வகை எனவும் வணிகத்தில் வழங்கும். இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் மென்மையாய்க் கலந்த நிறமுடையதே பத்பராட்சா. இலங்கைக் கற்களால் புகழ்பெற்ற இவ்வகை மடகாஸ்கரிலும் தான்சானியாவிலும் கிடைக்கின்றது.

நிறமே விலையாகும் இடத்தில் நிறத்தை மாற்றும் முயற்சியும் எழும். 2001ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இத்தகைய நிறமுடைய கற்கள் தாய்லாந்திலிருந்து பெருமளவில் சந்தைக்கு வந்தன. பெரிலியம் என்னும் தனிமத்தைக் கடும் வெப்பத்தில் உட்செலுத்தி அந்நிறம் உண்டாக்கப்பட்டதென்பதை 2002இன் தொடக்கத்தில் ஆய்வகங்கள் வெளிப்படுத்தின. உருப்பெருக்கிக் கண்ணாடியோ வழக்கமான எளிய கருவிகளோ இதனை உறுதியாகக் காட்டா. உயர்நிலை ஆய்வகமே இதற்கு வேண்டும். பின்னர் மடகாஸ்கரின் புதிய கற்கள் சில, வெளிச்சத்தில் இருந்தபின் ஆரஞ்சுச் சாயலை இழந்து வெறும் இளஞ்சிவப்பாக மாறின. ஆகவே நிறம் நிலைக்குமா என்னும் சோதனையும் இன்றியமையாததாயிற்று.

இனி வாங்குவோர் செய்ய வேண்டியன யாவை?

முதலாவது, சான்றிதழ் எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் தாமே தேடிச் சரிபார்த்தல். ஜி.ஐ.ஏ. போன்ற ஆய்வகங்கள் இவ்வசதியை அளிக்கின்றன. விற்பவர் அனுப்பும் இணைப்பின்வழிச் செல்லுதல் கூடாது. போலித் தளமும் இருக்கக்கூடும்.

இரண்டாவது, கல்லையும் தாளையும் ஒப்பிடுதல். எண் உண்மையாயினும், வந்த கல் வேறாக இருக்கலாம். எடை, மில்லிமீட்டர் அளவுகள், வடிவம், வெட்டு ஆகிய அனைத்தும் பொருந்த வேண்டும். ஒரு காரட் என்பது 0.2 கிராம், நுண்ணிய தராசில் நிறுத்தால் வேறுபாடு புலப்படும். மோதிரத்தில் பதித்த கல்லை நிறுக்க இயலாதாகையால், பதிக்காத கல்லாக வாங்குதலே நன்று.

மூன்றாவது, சொற்களை ஊன்றிப் படித்தல். தாளில் 'பத்பராட்சா' என்று ஆய்வகமே எழுதியுள்ளதா, அன்றி 'ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு நீலக்கல்' என்று மட்டும் உள்ளதா? விற்பவர் சூட்டும் பெயர் சான்றாகாது. வெப்பமூட்டியதற்கான அறிகுறி உண்டா, பெரிலியம் சோதிக்கப்பட்டதா, நிறம் நிலைப்பது ஆராயப்பட்டதா என்பவற்றையும் காண்க. பழைய தேதியிட்ட தாளாயின், மறு ஆய்வு கோருக.

நான்காவது, பணம் செலுத்துமுன் எழுத்தில் உறுதி பெறுதல். வேறோர் ஆய்வகம் மாறுபட்ட முடிவு கூறின், எத்தனை நாளுக்குள் முழுத் தொகையும் திரும்பும்? ஆய்வுச் செலவு யாருடையது? நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, திரும்பப் பெறும் நிபந்தனைகளை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும்; குறைதீர்க்கும் அலுவலர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு திங்களுக்குள் தீர்வு காண வேண்டும். அயல்நாட்டில் அமர்ந்து விற்பவரிடம் இவ்வுரிமையை நிலைநாட்டுதல் கடினம். ஆதலின் எழுத்துறுதி இல்லையேல் வாங்காதிருத்தலே அறிவுடைமை.

இவை யாவும் நிறைவுற்ற பின்னும் ஒன்றை மறத்தலாகாது. ஆய்வகம் கல்லின் தன்மையைக் கூறுமேயன்றி, விலை தகுமா என்பதைக் கூறுவதில்லை. விற்பவரின் நேர்மைக்கும் அது பிணையன்று. அதனை நாமே ஆராய்ந்தறிதல் வேண்டும்.

நம்முள் நகை வணிகம் செய்வோரும் உள்ளனர். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெப்பமூட்டிய கல்லை விற்பது குற்றமன்று. அதனை மறைத்து விற்பதே குற்றம். வாங்குபவர் கேட்குமுன் அவ்வுண்மையைக் கூறுங்கள். ஒரு விற்பனை குறையலாம். ஆயினும் மகள் திருமணத்திற்கு வாங்கியவர், பேத்தியின் திருமணத்திற்கும் உங்களிடமே வருவார்.