பழுது வந்தாலும் வீடு சேர்க்கும் ஹப் மோட்டார்



எங்க அக்கா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாங்க. போன மழைக்காலத்தில் ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது, மாதனூர் தாண்டியதும் பேட்டரி ஸ்கூட்டர் திக்கித் திக்கி நின்றுவிட்டது. பேட்டரியில் சார்ஜ் இருந்தது. இருந்தும் இருட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாங்க. பழுதானது மோட்டாருக்குள் இருந்த ஒரு சின்ன சென்சார்.

ராணிப்பேட்டையில் 2021 நவம்பரில் ஆம்பியர் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலையே வந்துவிட்டது. நம்ம ஊரில் இந்த வண்டிகள் புதிதல்ல. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

செயின், பெல்ட் இல்லாமல் சக்கரத்துக்குள்ளேயே இருப்பது ஹப் மோட்டார். அதில் பொதுவாக மூன்று கம்பிச்சுருள் தொகுதிகளும், சுற்றிலும் காந்தங்களும் இருக்கும். காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மூன்று ஹால் சென்சார்கள் சொல்லும். அதைக் கேட்டுத்தான் கண்ட்ரோலர் சுருள்களுக்கு மின்சாரம் அனுப்பும். தண்ணீராலோ சூட்டாலோ ஒரு சென்சார் போனால், கண்ட்ரோலருக்கு வழி தெரியாது.

இதைச் சமாளிப்பதுதான் பழுது தாங்கும் வடிவமைப்பு. ஒரு முறையில், சக்கரம் சுழலும்போது சுருளில் உண்டாகும் மின்னழுத்தத்தை வைத்தே கண்ட்ரோலர் காந்தத்தின் இடத்தைக் கணக்கிடும். கிளம்பும்போது கொஞ்சம் தடுமாறும், பிறகு ஓடும். இன்னொரு முறையில், மும்மூன்று சுருள்களாக இரண்டு தொகுப்புகள், தனித்தனி மின் இணைப்போடு இருக்கும். ஒன்று போனால் மற்றது மெதுவாகவாவது வீடு சேர்க்கும். விலை கூடும் என்பதால் எல்லா வண்டியிலும் இந்த வசதி இருக்காது.

அதனால் வாங்கும்முன் கேளுங்கள்: “ஒரு சென்சார் போனால் வண்டி ஓடுமா? மோட்டாருக்கும் கண்ட்ரோலருக்கும் எத்தனை வருஷம் வாரன்ட்டி?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். தேங்கிய தண்ணீரில் சக்கரம் மூழ்க ஓட்டாதீர்கள். வண்டி உதற ஆரம்பித்தால் உடனே சர்வீஸுக்கு விடுங்கள். பில், ஜாப் கார்டு இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

வாரன்ட்டி இருந்தும் அலைக்கழித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீரவில்லையா? உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம்.

அக்கா அன்றைக்கு ஜாப் கார்டு கேட்டு வாங்கவில்லை. நீங்கள் வாங்குங்கள்.