ஜாஸ் பயில்வோருக்குச் சில சொற்கள்



திருவாலங்காடு என்றதும் இரத்தின சபைதான் நம் நினைவுக்கு வரும். கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்றான இத்தலத்தைக் காரைக்காலம்மையார் பாடியிருக்கிறார். அவருடைய மூத்த திருப்பதிகத்துப் பாட்டொன்றில் ஏழிசையின் பழந்தமிழ்ப் பெயர்களும், மத்தளம், வீணை, தக்கை, கொக்கரை முதலிய கருவிகளின் பெயர்களும் காணப்படுகின்றன. அத்தகைய ஊரில் நாகசுரக் குடும்பமொன்றில் பிறந்த நான், ஜாஸ் இசையைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

வியப்புக்கு இடமில்லை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்தது ஜாஸ். எழுதிவைத்த பாட்டை அப்படியே ஒப்பிப்பது அதன் நோக்கமன்று. அரங்கில் நின்றபடியே கற்பனை செய்வதுதான் அதன் உயிர். நாம் மனோதர்மம் என்று போற்றுவதும் அதனையே. 1958-இல் டேவ் புரூபெக் என்ற பியானோக் கலைஞர் தம் குழுவினருடன் இந்தியாவுக்கு வந்து, பல நகரங்களில் வாசித்துச் சென்றார். நாகசுரத்தில் தொடங்கி சாக்ஸபோனில் கர்நாடக இசையை நிலைநாட்டிய கத்ரி கோபால்நாத், 1980-இல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டி என்ற அமெரிக்கக் கலைஞரோடு சேர்ந்து வாசித்தார்.

இவற்றையெல்லாம் கேள்வியுற்றே நானும் சாக்ஸபோனைக் கையிலெடுத்தேன். நாகசுரம் பழகிய விரலுக்கும் மூச்சுக்கும் அது விரைவில் வசப்பட்டது. அதனால் எனக்குச் செருக்கும் உண்டாயிற்று. சென்னையில் ஒரு சிறு குழுவினர் தம்மோடு வாசிக்க அழைத்தனர். என் முறை வந்தபோது கண்களை மூடிக்கொண்டு, கற்ற பிருகாக்களையெல்லாம் பொழிந்தேன். அவையோர் கைதட்டினர். நான் கண் திறந்து பார்த்தபோது, உடன் வாசித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். பாட்டின் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது எனக்குத் தெரியவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அக்குழுவின் மூத்த கலைஞர், "தம்பி, நீங்கள் நன்றாக வாசித்தீர்கள். ஆனால் எங்களோடு வாசிக்கவில்லை" என்றார்.

ஊர் திரும்பிய மறுநாள், பின்னணி இசையை ஒலிப்பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு, அதே பாட்டைப் பழகிக்கொண்டிருந்தேன். அஃது 'புளூஸ்' என்னும் வகையைச் சேர்ந்தது. திண்ணையில் அமர்ந்திருந்த என் தந்தையார் தொடையில் தாளம் போட்டபடி கேட்டிருந்தார். ஜாஸ் என்ற சொல்லே அவருக்குப் புதிது. சற்றுப் பொறுத்து, "ஆறு ஆவர்த்தனம் ஆதி தாளந்தானே இது? நீ ஐந்தரையிலேயே முடித்துவிட்டு ஏன் திரும்புகிறாய்?" என்று கேட்டார்.

நான் திகைத்துப்போனேன். சிறுவயதில், சீவாளியை வாயில் வைக்க விடாமல் ஓராண்டுக் காலம் என்னைத் தவிலுக்கு அருகில் உட்காரவைத்துத் தாளம் மட்டும் போடச் செய்தவர் அவர். அந்த ஓராண்டை வீண் என்று நான் பல நாள் மனத்துக்குள் குறைகூறியதுண்டு. அன்று அந்தக் குறை நீங்கிற்று.

அவர் கண்ட கணக்கையே முதற் பாடமாகச் சொல்கிறேன். புளூஸ் பாட்டின் ஒரு சுற்று, நான்கு எண்ணிக்கை கொண்ட பன்னிரண்டு பகுதிகள். மொத்தம் 48 அட்சரம். அதுவே நம் ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம். நம் இசையில் சுருதி அசையாமல் நிற்கும். ஜாஸிலோ காலடியில் உள்ள நிலம் இடம் மாறும். முதல் இரண்டு ஆவர்த்தனங்களுக்கு ஸட்ஜமே ஆதாரம், மூன்றாவதில் மத்திமம், நான்காவதில் மீண்டும் ஸட்ஜம், ஐந்தாவதின் முற்பாதி பஞ்சமம், பிற்பாதி மத்திமம், ஆறாவதில் ஸட்ஜம். கருவியை எடுக்குமுன் இந்த ஆதார சுரங்களை மட்டும் தாளத்தோடு பல நாள் வாயால் பாடுங்கள்.

இரண்டாவதாக, ஒவ்வோர் ஆதாரத்துக்கும் உரிய சுரங்களை அறிந்துகொள்ளுங்கள். ஸட்ஜ நிலத்தில் அந்தர காந்தாரம் பொருந்தி ஒலிக்கும். மத்திமத்துக்கு மாறியதும் சாதாரண காந்தாரம் பொருந்தும். அந்த மாற்றத்தைக் கேட்பவர் உணரும்படி வாசித்தால், பாட்டின் வழி உங்கள் வாசிப்பிலேயே புலப்படும்.

மூன்றாவது, நடை. ஜாஸில் ஓர் எண்ணிக்கையைச் சமமாக இரண்டாகப் பிளப்பதில்லை. 'தகிட' என்னும் திசிரத்தில் முதல் இரண்டையும் சேர்த்து நீட்டி, மூன்றாவதைத் தொட்டுவிடுவதுபோல் இருக்கும். காலம் விரைந்தால் அந்த வேறுபாடு குறையும். அழுத்தம் பெரும்பாலும் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் விழும். ஆதி தாளத்தில் நாம் கையைத் திருப்பி வீசும் இடங்களில் அவர்கள் தட்டுவார்கள் என்று கொள்ளலாம். இதனை ஏட்டால் கற்க இயலாது. சிறந்த கலைஞர் ஒருவரின் இசைத்தட்டைக் கேட்டு, அவர் வாசித்த ஒரு சுற்றை அப்படியே பாடி, பிறகு கருவியில் கொண்டுவருதலே நேர்வழி.

நாள்தோறும் செய்யும் சாதகத்தில் முதற்பகுதியை நீண்ட கார்வைகளுக்கு ஒதுக்குங்கள். பின்னர் ஒரே பாட்டை விளம்ப காலத்தில் பழகுங்கள். வாரம் ஒருமுறை உங்கள் வாசிப்பைப் பதிவுசெய்து கேளுங்கள். கேட்கக் கூசும், ஆயினும் அதைப்போன்ற ஆசிரியர் வேறில்லை.

அரங்கேறுமுன் சுருதி, காலப்பிரமாணம், யாருக்குப் பின் யார், எப்படி முடிப்பது என்னும் நான்கையும் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். பிறர் வாசிக்கும்போதும் மனத்துக்குள் ஆவர்த்தனத்தை எண்ணிக்கொண்டே இருங்கள். முதற் சுற்றில் சிலவே வாசித்து, இடைவெளி விடுங்கள். இடம் தவறினால் பதறாமல், மூச்சை நிறுத்தி, உடனிருப்போரைக் கவனித்து, அடுத்த சுற்றின் தொடக்கத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். கண்களை மட்டும் மூடாதீர்கள். அதன் பயனை நான் அறிவேன்.

சில மாதங்களுக்குப் பின் அதே குழுவினரோடு மீண்டும் வாசித்தேன். இம்முறை கைதட்டல் குறைவு. ஆனால் ஆறாவது ஆவர்த்தனம் முடிந்து நாங்கள் அனைவரும் ஒன்றாக ஸட்ஜத்தில் வந்து நின்றபோது, அந்த மூத்த கலைஞர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வீட்டுக்கு வந்து தந்தையாரிடம் சொன்னேன். அவர், "நாளைக் காலையில் கார்வை பிடி" என்று கூறிவிட்டு உறங்கச் சென்றார்.