பிஞ்சு உள்ளங்களுக்குக் காலநிலை மாற்றத்தை எவ்வாறு எடுத்துரைப்பது?

(தாண்டிக்குடியில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"உலகம் சூடாகி அழிந்துவிடுமாமே, உண்மையா?" என்று இன்று சிறு பிள்ளைகள் கேட்கிறார்கள். கைப்பேசி அவர்களை அச்சுறுத்துகிறது. நாமோ, "அதெல்லாம் ஒன்றுமில்லை, போய்ப் படி" என்று வாயடைத்துவிடுகிறோம். அச்சுறுத்துவதும் தவறு, மறைப்பதும் தவறு. பிள்ளைகள் கண்ணால் காண்பதைக் கொண்டே உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முதலில், வானிலை வேறு, காலநிலை வேறு. தாயின் ஒருநாள் கோபத்தை வைத்து அவள் குணத்தை யாரும் முடிவு செய்வதில்லை. இன்றைய வெயிலும் மழையும் வானிலை. ஏறக்குறைய 30 ஆண்டுகளின் சராசரியே காலநிலை.

அடுத்து, பூமி ஏன் சூடாகிறது? மலைக்குளிரில் உறங்கும் நம் பிள்ளைகளுக்குக் கம்பளியைக் காட்டினால் போதும். கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. உடலின் சூட்டை வெளியேறாமல் காக்கிறது. நீராவி, கரியமில வாயு முதலியவை பூமிக்குப் போர்வை. அது இல்லையேல் பூமியின் சராசரி வெப்பம் உறைநிலைக்கும் கீழே 18 பாகையாக இருக்கும். ஆகவே போர்வை தேவைதான். அளவு மீறித் தடிப்பதே கேடு. தொழிற்சாலைகள் பெருகும் முன்னர், பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரிப்பதும், காடுகளை அழிப்பதுமே காரணங்கள்.

"சூரியன்தான் சூடாகிவிட்டதோ?" என்று பிள்ளை கேட்டால் மகிழுங்கள், நல்ல கேள்வி. 1899 முதல் இயங்கிவரும் கொடைக்கானல் வானாய்வகம், நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறது என்று சொல்லுங்கள். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்ததில், சூரியன் தரும் வெப்பம் கூடவில்லை. பூமியின் வெப்பமோ கூடியுள்ளது.

2024-ஆம் ஆண்டின் வெப்பம் பழைய சராசரியைவிட ஏறத்தாழ ஒன்றரைப் பாகை மிகுதி. "இவ்வளவுதானா?" என்பார்கள். உடல் வெப்பம் ஒன்றரைப் பாகை ஏறினால் காய்ச்சல் அல்லவா?

பின்னர் காப்பித் தோட்டத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். மார்ச், ஏப்ரலில் மழை பெய்து, எட்டுப் பத்து நாளில் பூ மலர்கிறது. அந்த மழை பொய்த்தாலும், பூ விரியும் நாளில் கொட்டினாலும் காய் குறையும். ஆண்டின் மொத்த மழை குறையாவிட்டாலும், நாள் தவறினாலே நட்டம் என்பதைப் பிள்ளை அங்கே உணரும்.

ஆயினும் எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரை கடந்து, நம் மலையையும் தாக்கிய கஜா புயல் அதனால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. கடல் சூடாவது புயலுக்கு வலுச்சேர்க்கும் என்பதே சரியான விடை.

இன்னொன்று: இந்தப் போர்வையைத் தடிக்கச் செய்தவர்கள் குழந்தைகள் அல்லர். "விளக்கை அணை" என்று அவர்களுக்குப் பாடம் சொல்லிவிட்டு, தோட்டத்து நிழல் மரங்களை நாமே வெட்டி விற்றால் நம் சொல்லை எவர் நம்புவார்? நிழல் குறைந்தால் தண்டுத் துளைப்பானும் பெருகும் என்பதை விவசாயிகளான நீங்கள் அறிவீர்கள். பொறுப்பு பெரியவர்களுடையது என்று கேட்டாலே பிள்ளையின் அச்சம் பாதி தணியும்.

நிர்வாகத்தினருக்கு ஒரு கோரிக்கை. மதரசா முற்றத்தில் மழைமானி ஒன்று வையுங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்குப் பிள்ளைகளே அளந்து ஏட்டில் எழுதட்டும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் என்று அவர்களே கணக்கிட்டு, தொட்டி கட்டச் சொல்லி நம்மிடம் கேட்பார்கள். இன்று எட்டு வயதில் எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு 38 வயதாகும்போது, அந்த ஏடு இவ்வூரின் காலநிலையைச் சொல்லும். அதுவரை அதைப் பேணிக் காப்பது ஜமாஅத்தின் பொறுப்பு.