வயிற்றில் வாயு, நெஞ்சில் மூச்சு
(ஆதரவாளர் கூடுகையில் மயக்க மருத்துவப் பிரிவினர் ஆற்றிய உரை)



அறுவைக் கூடத்தின் வாசலில் உறவினர் எங்களைக் கேட்பது ஒன்றே: "டாக்டர், மயக்கம் தெளிஞ்சிடும்ல?" தெளிய வைப்பதைவிட, அதுவரை அவருக்காக மூச்சு விடுவதே எங்கள் பெரிய வேலை.

லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, கூடாரம்போல் உயர்த்துவார்கள். அழுத்தம் பெரும்பாலும் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். அறுவை மருத்துவருக்கு இடம் கிடைக்கிறது. நுரையீரலுக்கு இடம் குறைகிறது. உதரவிதானம் மேலே தள்ளப்பட, நுரையீரலின் அடிப்பகுதிச் சிற்றறைகள் மூடிக்கொள்கின்றன. போதாததற்கு அந்த வாயு இரத்தத்திலும் கலக்கிறது. அதையும் மூச்சின் வழியேதான் வெளியேற்ற வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் கர்ப்பப்பை அறுவைக்கு வந்த ஒரு தாயாரை எங்களால் மறக்க முடியவில்லை. பருத்த உடல். வாயு ஏற்றி, மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்திய சில நிமிடங்களில் பிராணவாயு அளவு 98-லிருந்து 88-க்கு இறங்கிவிட்டது. சுவாச இயந்திரத்தின் அழுத்தத்தைக் கூட்டத்தான் முதலில் கை போனது. நல்லவேளை, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தோம். இடப்பக்கம் மூச்சொலியே இல்லை! நுரையீரல்கள் மேலே ஏறியதில், சுவாசக் குழாயின் நுனி வலப்பக்கக் கிளைக்குள் போயிருந்தது. மருத்துவர் கையை நிறுத்தி வாயுவை இறக்கினார். குழாயை 2 சென்டிமீட்டர் வெளியே இழுத்தோம். அளவு மெல்ல ஏறியது. பிறகு குறைந்த அழுத்தத்தில் அறுவை தொடர்ந்தது.

முன்பெல்லாம் கிலோவுக்கு 10, 12 மில்லி என்று பெரிய மூச்சுகளாகவே கொடுத்துவந்தோம். 2013-இல் பிரான்சில், பெரிய வயிற்று அறுவைக்கு வந்த 400 பேரிடம் நடந்த ஆய்வு வெளியாயிற்று (எல்லாரும் லேப்ராஸ்கோப்பி நோயாளிகள் அல்லர்). கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி, மூச்சு முடிவிலும் சிறிது அழுத்தம், அவ்வப்போது நுரையீரலை விரித்துவிடுதல் என்ற முறையில் பெருஞ்சிக்கல்கள் 10.5 சதவீதம், பழைய முறையில் 27.5. இந்தக் கிலோக் கணக்கை உயரத்தைக்கொண்டே போடுகிறோம். உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை அல்லவா? கரியமில வாயு கூடினால் மூச்சின் அளவைவிட எண்ணிக்கையைக் கூட்டுகிறோம். வெளிமூச்சை அளக்கும் கேப்னோகிராப் கருவி இல்லாமல் அது குருட்டுக் கணக்கு.

அந்தத் தாயார் மூன்றாம் நாள் வீடு திரும்பினார். தொண்டை கரகரக்கிறது என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.