பஃபர் நிரம்பிய நேரத்தில் மீன்கொத்தி குதித்தது

(ஒலி வடிவத்திலிருந்து எழுத்துக்கு மாற்றி, சற்றே திருத்தியது)

போன எபிசோடுக்கு அப்புறம் உங்ககிட்ட இருந்து அதிகமா வந்த கேள்வி இதுதான்: "மிரர்லெஸ் கேமரா வாங்கிட்டேன், பறவை எடுக்கப் போறேன், எந்த மெமரி கார்டு வாங்கறது?" ஒரு கார்டு பேரைச் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அது உங்க கேமராவுக்குப் பொருந்தாம போச்சுன்னா என்னைத்தான் திட்டுவீங்க. அதனால நான் எப்படி ஏமாந்தேன்ங்கறதுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

பெரும்பாக்கம் சதுப்பு நிலம். மேடவாக்கத்துல இருந்து சோழிங்கநல்லூர் போற ரோட்டோரம் இருக்கே, அதேதான். ஜனவரி மாசம், காலையில ஏழு மணி, வெளிச்சம் அருமையா இருக்கு. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒண்ணு வந்துச்சு. இது வேட்டையாடறதைப் பார்த்திருப்பீங்க. தண்ணிக்கு மேல ஒரே இடத்துல படபடன்னு இறக்கையை அடிச்சுக்கிட்டு நிக்கும். உடம்பு முழுக்க ஆடும், தலை மட்டும் ஆணி அடிச்ச மாதிரி அசையாது. அப்புறம் திடீர்னு தலைகீழா தண்ணிக்குள்ள விழும்.

அது அந்தரத்துல நின்ன உடனே நான் ஷட்டரை அமுக்கிட்டேன். விநாடிக்கு 15 படம். மூணு விநாடி ஓடிச்சு, நாலாவது விநாடியில கேமரா திக்க ஆரம்பிச்சது. டக்... டக்... டக். அடுத்து அதுவும் நின்னுபோச்சு. சிவப்பு லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. அந்த நேரம் பார்த்து மீன்கொத்தி விழுந்துச்சு, மீனோட மேல வந்துச்சு, போயிடுச்சு. எனக்குக் கிடைச்சது ரெண்டு படம். ரெண்டுலயும் தண்ணியில வட்டம் மட்டும் இருக்கு, பறவை இல்ல.

பக்கத்துல ட்ரைபாட் வச்சுக்கிட்டு நின்ன ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "உங்க லைட் அணையற வரைக்கும் அது காத்திருக்காது தம்பி"ன்னார். கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஆறு மாசச் சேமிப்பைக் கொட்டியிருந்தேன். கார்டு மட்டும் பழைய கேமராவுல கிடந்தது. "கார்டுதானே, எல்லாம் ஒண்ணுதான்"னு நினைச்சிருந்தேன்.

என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். நீங்க எடுக்கற படம் நேரா கார்டுக்குப் போறதில்ல. முதல்ல கேமராவுக்குள்ள இருக்கற பஃபர்ங்கற தற்காலிக நினைவகத்துல விழுது. அங்கிருந்து கார்டுல எழுதப்படுது. சமையலறை சிங்க்கை நினைச்சுக்கோங்க. குழாயை முழுசா திறந்துட்டீங்க, ஆனா கீழ தண்ணி போற ஓட்டை சின்னது. சிங்க் நிரம்பும் இல்லையா? குழாய்தான் உங்க பர்ஸ்ட், சிங்க்தான் பஃபர், அந்த ஓட்டைதான் கார்டு.

கணக்கு போட்டே பார்க்கலாம். ஒரு ரா ஃபைல் 30 எம்பின்னு வச்சுக்குவோம். விநாடிக்கு 15 படம்னா 450 எம்பி. பழைய தலைமுறை எஸ்டி கார்டு, அதாவது யூஎச்எஸ்-1, கேமராவுக்குள்ள நடைமுறையில விநாடிக்கு 80 எம்பி கிட்ட எழுதும். பஃபர்ல 50 படம் நிரம்பி நிக்குதுன்னா மொத்தம் 1500 எம்பி. அது முழுசா காலியாக 19 விநாடி ஆகும். அதே இடத்துல 200 எம்பி வேகத்துல எழுதற யூஎச்எஸ்-2 கார்டு இருந்தா ஏழரை விநாடி. இந்த ரெண்டுல எந்தக் கார்டு போட்டாலும் பஃபர் நிரம்பத்தான் செய்யும், அதைத் தப்பா எடுத்துக்காதீங்க. நிரம்பின பிறகு நீங்க எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்ங்கறதைத்தான் கார்டு முடிவு பண்ணுது. காட்டுல 19 விநாடிங்கறது ரொம்ப நீளம்.

"என் கார்டு மேல 200 எம்பின்னு போட்டிருக்கே"ன்னு கேப்பீங்க. என் கார்டுலயும் பெரிய எழுத்துல 170னு இருந்துச்சு! அது படிக்கும் வேகம். கார்டுல இருந்து கம்ப்யூட்டருக்குப் படத்தை எடுக்கும்போது வர்ற வேகம். அதுவும் பல கார்டுகள்ல அந்தக் கம்பெனியோட சொந்த ரீடர்ல போட்டாத்தான் வரும். யூஎச்எஸ்-1 இணைப்போட உச்சமே விநாடிக்கு 104 எம்பி, கேமரா அதைத் தாண்டாது. நமக்கு வேண்டியது எழுதும் வேகம். அது அட்டையோட பின்பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும், சில அட்டையில அதுவும் இருக்காது.

கடையில நின்னு ரெண்டு விநாடியில கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கார்டைத் திருப்பிப் பாருங்க. தங்க நிறத் தகடுகள் ஒரே வரிசையா இருந்தா யூஎச்எஸ்-1. அதுக்குக் கீழ இன்னொரு வரிசை இருந்தா யூஎச்எஸ்-2. விளம்பர வாசகம் எதுவும் படிக்க வேண்டாம்.

ஆனா அதுக்கு முன்னாடி உங்க கேமராவைப் பாருங்க. கேனான் ஆர்50, சோனி ஏ6400 மாதிரியான கேமராக்கள்ல இருக்கறது யூஎச்எஸ்-1 ஸ்லாட். அதுல விலை கூடின யூஎச்எஸ்-2 கார்டு போட்டா வேலை செய்யும், ஆனா பழைய வேகத்துலதான். அந்தக் காசை மிச்சம் பிடிங்க. கேனான் ஆர்7, ஆர்10, சோனி ஏ6700, நிக்கான் இசட்50 மார்க் 2 இதெல்லாம் யூஎச்எஸ்-2. இந்தக் கூட்டத்துல இருக்கறவங்களுக்குத்தான் கார்டு மாத்தினா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கார்டுல வி30, வி60, வி90னு போட்டிருக்கறது இன்னொரு குழப்பம். தொடர்ந்து எழுதும்போது இந்த எண்ணுக்குக் கீழ போகாதுங்கற உத்தரவாதம் அது: 30, 60, 90 எம்பி. வீடியோவுக்காக வச்ச அளவு. போட்டோவுக்கு வி90 வாங்கியே ஆகணும்னு சொல்றவங்ககூட நான் ஒத்துப்போக மாட்டேன். எழுதும் வேகம் நல்லா இருக்கற வி60 கார்டு ரெண்டு வாங்கறது, ஒரே ஒரு வி90 வாங்கறதைவிட எனக்கு உசத்தி. நான் அப்படித்தான் செஞ்சேன்.

அடுத்து சிஎஃப்எக்ஸ்பிரஸ். இது எஸ்டி குடும்பமே இல்ல, கம்ப்யூட்டர்ல இருக்கற எஸ்எஸ்டியோட தம்பி மாதிரி. கேமராக்கள்ல ரெண்டு அளவு புழக்கத்துல இருக்கு. டைப் ஏ சின்னது, சோனி பயன்படுத்துது. டைப் பி பெருசு, நிக்கான் இசட்8, இசட்9, கேனான் ஆர்5 இதுலெல்லாம் போகும். ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போட முடியாது, ஆர்டர் போடும்போது எழுத்தைப் பாருங்க. இங்கேயும் அட்டையில இருக்கற உச்ச வேகத்தை நம்பாதீங்க. சில கார்டு முதல் சில விநாடி பறக்கும், அப்புறம் உள்ளே இருக்கற வேகமான பகுதி நிரம்பினதும் தொபுக்குன்னு விழும். "தொடர்ச்சியான எழுதும் வேகம்"னு தனியா ஒரு எண் கொடுத்திருந்தா அதை நம்புங்க. விபிஜி400னு முத்திரை இருந்தா குறைஞ்சது 400 எம்பி உறுதின்னு அர்த்தம்.

இசட்8, ஆர்5 வச்சிருக்கற நண்பர்கள் ஒரு குழியில விழறாங்க. ஒரு ஸ்லாட் சிஎஃப்எக்ஸ்பிரஸ், இன்னொரு ஸ்லாட் எஸ்டி. பாதுகாப்புக்காக ரெண்டுலயும் ஒரே படம் பதியற மாதிரி செட் பண்ணிடறாங்க. அவ்வளவு காசு போட்டு வாங்கின வேகமான கார்டு, எஸ்டி எழுதி முடிக்கற வரைக்கும் காத்திருக்கும். கல்யாணத்துக்கு அந்த செட்டிங் சரி. புலி ரோட்டைக் கடக்கும்போது வேண்டாம்.

சரி, இப்போதைக்குக் காசு இல்லையா? மெனுவுக்குப் போங்க. கேனான்ல சி-ரா, நிக்கான் இசட்8லயும் இசட்9லயும் ஹை எஃபிஷியன்சி ரான்னு இருக்கு. ஃபைல் கணிசமா சின்னதாகும், பஃபர் நிரம்ப அதிக நேரம் எடுக்கும், காலியாகறதும் சீக்கிரம். படத்தைப் பெருசாக்கிப் பார்த்தும் எனக்கு வித்தியாசம் தெரியல. நிழல்ல இருக்கற பகுதியை ரொம்ப இழுத்து வெளிச்சமாக்கறவங்க மட்டும் ஒரு தடவை சோதிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

விரலையும் பழக்கணும். மீன்கொத்தி அந்தரத்துல நிக்கும்போது ரெண்டு மூணு படம் போதும், அது எல்லாமே ஒரே படம்தான். தோள் சரியற அந்த நொடிக்காகக் காத்திருந்து அமுக்கணும். அமுக்கறதுக்கு முன்னாடி நடந்ததையும் சேர்த்துப் பதியற வசதி இப்போ நிறைய மிரர்லெஸ்ல வந்துருக்கு. அதைப் பத்தித் தனியா ஒரு எபிசோடு பேசலாம்.

கொள்ளளவு பத்தி அதிகமா யோசிக்க வேண்டாம். 128 ஜிபியில 30 எம்பி படம் நாலாயிரத்துக்கு மேல பிடிக்கும். ஒரு காலைக்கு தாராளம்.

ஆனா போலி கார்டு விஷயத்துல கறாரா இருங்க. எங்க வாங்கினாலும் சரி, வீட்டுக்கு வந்ததும் சோதிங்க. விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்குலயும் லினக்ஸ்லயும் எஃப்3. ரெண்டுமே இலவசம். கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படிச்சு, சொன்ன அளவு உண்மையிலேயே இருக்கான்னு சொல்லிடும். பெரிய கார்டுக்கு ரொம்ப நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிடுங்க. போலி கார்டோட விஷமம் என்னன்னா, முதல் சில நூறு படம் ஒழுங்கா வரும். பிரச்சனை முதுமலையில மூணாவது நாள்தான் தெரியும். சோதிச்ச பிறகு கேமராவுலயே ஒருமுறை ஃபார்மேட் பண்ணிடுங்க. தப்பித்தவறி படம் இருக்கற கார்டை ஃபார்மேட் பண்ணிட்டா, உடனே கார்டை வெளிய எடுத்துடுங்க. மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீங்க. ஃபோட்டோரெக்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, பல நேரம் மீட்டுக் கொடுத்துடும்.

புது கார்டோட மூணு வாரம் கழிச்சு அதே இடத்துக்குப் போனேன். அந்தப் பெரியவரும் இருந்தார். மீன்கொத்தி நின்னுச்சு, நான் அமுக்காம காத்திருந்தேன், தோள் சரிஞ்சது, அமுக்கினேன். 22 படம், ஒண்ணுகூடத் தவறல. தண்ணிக்குள்ள போறது, வெளிய வர்றது, எல்லாமே இருக்கு.

அலகுல மீன் மட்டும் இல்ல. அது கோட்டை விட்டுடுச்சு.