விலை உயர்ந்த வீடும் வாடகை வருமானமும்



வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள் நம் முன்னோர். வாடகைக்கு விட்டுப் பார் என்றும் இன்று நாம் சேர்த்துச் சொல்லலாம்.

தோட்டத்தில் பால்மரம் சீவிய தந்தைக்கு 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. பட்டணத்தில் மாடி வீடு வாங்குங்கள், வாடகையே கடனைக் கட்டிவிடும் என்கிறார் தரகர். லயத்தில் வாழ்ந்த நமக்கு அந்தச் சொல் இனிக்கத்தான் செய்யும். கையெழுத்துப் போடுமுன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக, வீட்டின் விலை 600,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 60,000 வெள்ளி தந்தையுடையது. மீதி 540,000 வெள்ளிக்கு மகன் பெயரில் வங்கிக் கடன். வட்டி நூற்றுக்கு 4.5, தவணை 35 ஆண்டு என்றால், மாதம் ஏறக்குறைய 2,555 வெள்ளி கட்ட வேண்டும். கிடைக்கும் வாடகையோ 1,800 வெள்ளி. மாதந்தோறும் 755 வெள்ளி துண்டு விழுகிறது. வீட்டு வரி, நில வரி, பழுதுபார்க்கும் செலவு, ஆளில்லாமல் வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்கள், இவையெல்லாம் அதற்கு மேல். பெயர் மாற்றும்போது கட்டும் முத்திரை வரி மட்டுமே 12,000 வெள்ளி.

இன்னொரு வீடு 200,000 வெள்ளி. வாடகை 900 வெள்ளி. இதில் ஓராண்டு வாடகை விலையில் நூற்றுக்கு 5.4. பெரிய வீட்டிலோ 3.6தான். விலை மூன்று மடங்கானபோது வாடகை இரண்டு மடங்குதான் ஆயிற்று. காரணம் என்ன? குடியிருப்பவர் தம் சம்பளத்தைப் பார்த்தே வாடகை கொடுப்பார். நாம் கொடுத்த விலையைப் பார்த்தல்ல.

55 வயதுக்குப் பிறகும் பணத்தைச் சேமநிதியிலேயே விட்டுவைக்கலாம். 2024ஆம் ஆண்டுக்கு அது நூற்றுக்கு 6.30 இலாப ஈவு வழங்கியது. ஆண்டுதோறும் இதே அளவு கிடைக்காது என்றாலும், எடுத்த பணத்துக்கு ஈவே கிடையாது.

வீட்டு விலை ஏறுமே என்பீர்கள். ஏறலாம். ஆனால், விற்கும் நாள்வரை அந்த 755 வெள்ளியை யார் போடுவது? மகனுக்கு வேலை போய்த் தவணை நின்றால் வங்கி வீட்டை ஏலத்தில் விடும். ஏலத்தொகை போதாவிட்டால் மீதிக் கடனும் மகன் தலையில்தான்.

குடியிருக்க வாங்கும் வீட்டின் கணக்கு வேறு. அது நம் குடும்பத்துக்கு நிழல். வாடகைக்கென்று வாங்கும் வீட்டுக்கோ, அதே வரிசையில் குடியிருப்போர் நாலு பேரிடம் வாடகை என்ன என்று முதலில் கேட்போம். தரகர் சொல்லும் தொகையை அதன் பிறகு கேட்போம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. இது வியர்வை சிந்திச் சேர்த்த பணம், அளந்தே போடுவோம்.