யாரும் காத்திருக்காத வேலை

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். உங்கள்ல நிறைய பேர் கேட்ட கேள்விதான் இன்னைக்கு டாபிக். ஆபீஸ் வேலையும் பார்த்துக்கிட்டு எப்படி ஒரே நேரத்துல மூணு விஷயம் எழுத முடியுது?

முதல்ல என் வாரத்தைச் சொல்லிடறேன். ஒண்ணு, இந்த போட்காஸ்ட். வெள்ளிக்கிழமை காலைல எபிசோட் வந்தாகணும். ரெண்டாவது, நண்பனோட குறும்படத்துக்கு வசனம். ஷூட்டிங் தேதி குறிச்சாச்சு. மூணாவது, ஒரு நாவல். மாயவரத்துல இட்லிக் கடை வெச்சு நாலு பிள்ளைகளைப் படிக்க வெச்ச என் பாட்டியோட கதை.

திங்கள், செவ்வாய் ராத்திரி போட்காஸ்ட் ஸ்கிரிப்ட். புதன்கிழமை நண்பன் போன் பண்ணி, "மச்சான், ரெண்டாவது சீன் என்னாச்சு?"ன்னு கேட்பான். அன்னைக்கு ராத்திரி அதுக்குப் போயிடும். வியாழன் ரெக்கார்டிங், எடிட்டிங். வெள்ளி ஆபீஸ்ல ரிலீஸ். சனிக்கிழமை துணி, தூக்கம். ஞாயிறு சாயங்காலம் நாவலைத் திறந்தா, போன வாரம் நிறுத்தின அதே வரி என்னைப் பார்த்துக்கிட்டு இருக்கும்.

இதுல ரெண்டு பிரச்சினை இருக்கு.

முதல் பிரச்சினை, மாறுறது. கம்ப்யூட்டர் ஒரு புரோகிராமை நிறுத்திட்டு இன்னொண்ணுக்குப் போறதுக்கு முன்னாடி, எங்க நிறுத்தினோம்னு குறிச்சு வெச்சுக்கும். திரும்பி வந்ததும் அங்கிருந்தே தொடரும். நமக்கு அந்த வசதி கிடையாது. அதனால எழுதி முடிச்சு எழுந்திருக்கும்போது, ஃபைல் கடைசியில ரெண்டு வரி போட்டு வைக்கிறேன்: அடுத்து என்ன நடக்கணும், எதுல சந்தேகம் இருக்கு. அடுத்த தடவை முதல் அரை மணி நேரம் மிச்சம்.

ரெண்டாவதுதான் பெரிசு. ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்துல 'ஸ்டார்வேஷன்'னு படிச்சிருப்பீங்க. அவசர வேலைகள் வந்துக்கிட்டே இருந்தா, வரிசையில கடைசியா நிக்கிற வேலைக்கு முறையே வராது. பட்டினியாவே கிடக்கும். என் வாரத்துல அது நாவல். எபிசோடுக்கு நீங்க காத்திருக்கீங்க, வசனத்துக்கு நண்பன் காத்திருக்கான். நாவலுக்கு யாரும் இல்லை.

1837-ல சார்லஸ் டிக்கன்ஸ் 'பிக்விக் பேப்பர்ஸ்' முடியறதுக்கு முன்னாடியே 'ஆலிவர் ட்விஸ்ட்' தொடரையும் ஆரம்பிச்சுட்டார். நம்ம சுஜாதா பெங்களூர்ல பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல வேலை பார்த்துக்கிட்டே வார இதழ்களுக்குத் தொடர்கதை எழுதினார். திறமையை விடுங்க, அது நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனா அவங்க தொடர்கள் ஒவ்வொண்ணுக்கும் ஒரு அச்சு தேதி இருந்துச்சு. அடுத்த அத்தியாயத்துக்கு யாரோ காத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு வேண்டியது அதுதான்.

ஸ்டார்வேஷனுக்குத் தீர்வு 'ஏஜிங்'. ஒரு வேலை எவ்வளவு நேரம் காத்திருக்கோ, அவ்வளவுக்கு அதோட முன்னுரிமை ஏறும். அதை அப்படியே எடுத்துக்கிட்டேன். நாவல் ஒரு வாரம் தள்ளிப்போனா, அடுத்த திங்கள் ராத்திரி அதுக்குத்தான். வேற எதுவும் உள்ள வரக்கூடாது.

அப்புறம், காத்திருக்க ஒரு ஆளையும் பிடிச்சேன். ஞாயிறு ராத்திரி ஏழு மணிக்கு பாட்டிக்கு போன் போட்டு ஒரு பக்கம் படிச்சுக் காட்டறேன். முதல் வாரமே நிறுத்திட்டாங்க. "டேய், கடை ஆரம்பிச்சப்போ சட்னி ஏதுடா? வெறும் மிளகாய்ப் பொடிதான்." அந்த ஒரு வரியில மொத்த அத்தியாயமும் மாறிப்போச்சு. இப்போ சனிக்கிழமையே போன் வருது: "நாளைக்குப் படிப்பியா?"

பாட்டிக்கு 84 வயசு. கடைக்கு முதல் மாச வாடகை எவ்வளவுன்னு போன தீபாவளிக்கு டக்குன்னு சொன்னவங்க, இப்போ கொஞ்சம் யோசிக்கிறாங்க. எபிசோட் ஒரு வாரம் தள்ளிப்போகலாம். இது தள்ளிப்போகாது.

அதனால ஒரு அறிவிப்பு. அடுத்த மாசத்துல இருந்து இந்த போட்காஸ்ட் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். குறும்படம் முடிஞ்சதும் புதுசா எதையும் கையில எடுக்கப்போறதில்லை. மூணையும் சமமா நடத்துறேன்னு சொல்லிக்கிட்டே ஒண்ணைப் பட்டினி போடுறதுக்கு, இது மேல்.

உங்க வாரத்துல யாருமே கேட்காத வேலை எது? அதைக் கேட்க ஒரே ஒரு ஆளைப் பிடிங்க. யாரைப் பிடிச்சீங்கன்னு எனக்கும் எழுதுங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் பார்ப்போம்!